கொழுப்பு தின்ற பயோகாஸ் தொட்டிக்குச் செமியாக்குணம்

சாய்ந்தமருதில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "கடைக்குப் பின்னால் 6 கனமீட்டர் பயோகாஸ் தொட்டி கட்டி ஒன்றரை வருசமாகிறது. நாளுக்கு 25 கிலோ மட்டில் சோறு, கறி, மரக்கறிக் கழிவு போட்டு வந்தோம். நல்லாக எரிந்தது. கொழுப்பில்தான் காஸ் அதிகம் என்று எங்கோ படித்துவிட்டு, பொரித்து மிஞ்சும் எண்ணெயையும் உருக்கிய மாட்டுக் கொழுப்பையும் நாளுக்கு ஐந்து லீற்றர் அளவில் ஊற்றத் தொடங்கினோம். முதல் கிழமை அடுப்பு முன்னரைவிடப் பலமாக எரிந்தது. மூன்றாம் கிழமை சுடர் சுருங்கியது. இப்போது தீக்குச்சி வைத்தால் பற்றுவதே இல்லை. வெளியே வரும் கரைசலில் புளித்த வாடை, போடுகிற வாயில் வெள்ளையாக ஏதோ மிதக்கிறது. கொழுப்பில் காஸ் வரும் என்பது பொய்யா? தொட்டியைக் காலி பண்ண வேண்டுமா?"

பொய் இல்லை தம்பி. தொட்டியைக் காலி பண்ணவும் வேண்டாம். முதலில் ஒரு வேலை செய்யுங்கள்: இன்றைக்கே தீனியை நிறுத்துங்கள். எண்ணெயை மட்டுமில்லை, சோறு, கறி, மீன் எல்லாவற்றையும். ஒரு வாளிகூட உள்ளே போகக் கூடாது. அதைச் சொல்லி வைத்துவிட்டு வந்து மீதியை ஆறுதலாக வாசியுங்கள்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருபது வருசத்துக்கு மேலாக இந்தத் தொட்டிகளைக் கட்டியும் திருத்தியும் வருகிறேன். முதலில் சுடர் உயரும், பிறகு புளித்த வாடை, பிறகு வெள்ளைப் படை. நீங்கள் சொன்ன இந்த வரிசை அப்படியே கொழுப்புச் செமியாக்குணம். மாடு வளர்க்கிறவர்களுக்கு இது புதிதில்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு போன மாடு நெல்லு மூட்டையில் வாய் வைத்தால் என்ன ஆகும்? புல்லைவிட நெல்லில் சத்து அதிகம்தான். ஆனாலும் விடியும்போது வயிறு ஊதிப் படுத்திருக்கும். உங்கள் தொட்டிக்குள் இருப்பதும் மாட்டின் குடலுக்குள் இருந்து வந்த நுண்ணுயிர்க் கூட்டம்தான். முதல் நாள் நீங்கள் கரைத்து ஊற்றிய சாணத்தோடுதான் அவை உள்ளே வந்தன. அதனால் தொட்டியை அடுப்பாக நினைக்காமல் மாடாக நினைத்துப் பாருங்கள். அடுப்பில் எண்ணெய் ஊற்றினால் தீ எழும். மாட்டுக்கு எண்ணெய் பருக்கினால் அப்படியா?

நீங்கள் படித்தது எவ்வளவு சரி என்பதைக் கணக்கோடு சொல்கிறேன். ஒலிக் அமிலத்தால் ஆன ஒரு எண்ணெய் மூலக்கூறில் 57 காபன் அணுக்கள் இருக்கின்றன. முழுவதும் செமித்தால் அதில் 40 மெதேனாகவும் 17 காபனீரொட்சைட்டாகவும் வெளியே வரும். அதாவது வருகிற வாயுவில் நூற்றுக்கு 70 பங்கு எரியக்கூடிய மெதேன். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறக்குறைய ஒரு கனமீட்டர் மெதேன், மற்றதும் சேர்த்தால் 1.4 கனமீட்டர் பயோகாஸ். சோறு, பாண், கிழங்கு போன்ற மாப்பொருளில் காய்ந்த நிறை ஒரு கிலோவுக்கு 0.4 கனமீட்டர் மெதேன்தான், அதுவும் பாதிக்குப் பாதி காபனீரொட்சைட்டோடு. ஈரச் சாணம் ஒரு கிலோவுக்கு மொத்த வாயுவே 40 லீற்றர் மட்டில். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஈடாக 35 கிலோ சாணம் வேண்டும் என்று ஆகிறது. இது கடதாசிக் கணக்கு, நடைமுறையில் இதிலும் குறையத்தான் வரும். ஆனாலும் சமையல் கழிவிலே கொழுப்பைப் போல காஸ் தரும் பொருள் வேறு இல்லை என்பது உண்மை.

இனி நீங்கள் எங்கே பிழைவிட்டீர்கள் என்று பார்ப்போம். 25 கிலோ கழிவுக்கு ஐந்து லீற்றர் எண்ணெய் என்றால், ஐந்துக்கு ஒன்றுதானே, பெரிய அளவில்லையே என்று தோன்றியிருக்கும். எல்லாரும் வாளியைப் பார்த்துத்தான் அளக்கிறோம். ஆனால் அந்த 25 கிலோவில் பெரும்பங்கு தண்ணி. நுண்ணுயிர்கள் தின்னக்கூடிய பொருள் ஐந்து கிலோ இருந்தால் அதிகம். எண்ணெயில் தண்ணியே இல்லை. ஐந்து லீற்றர் என்பது 4.6 கிலோ, அத்தனையும் தீனி. வாளிக் கணக்கில் ஆறில் ஒரு பங்காகத் தெரிந்தது, தொட்டியின் கணக்கில் கிட்டத்தட்டச் சரிபாதி. ஒரே நாளில் தீனியை இரட்டிப்பாக்கி, அந்தக் கூடின பாதி முழுவதையும் கொழுப்பாகவே கொடுத்துவிட்டீர்கள். எந்த வயிறு தாங்கும்?

உள்ளே நடப்பது இதுதான். எண்ணெய் முதலில் கிளிசரோலாகவும் நீளமான கொழுப்பமிலங்களாகவும் பிரிகிறது. கிளிசரோல் சீனி மாதிரி, சட்டென்று செமித்துவிடும். முதல் கிழமை சுடர் எழும்பியதில் அதற்கும் பங்கு உண்டு. கொழுப்பமிலத்தைத்தான் ஒரு வகைப் பற்றீரியா நுனியிலிருந்து இரண்டிரண்டு காபனாக வெட்டிக்கொண்டு வர வேண்டும். பாம் எண்ணெயில் நிறைய உள்ள பாமிற்றிக் அமிலத்துக்கு 16 காபன். வெட்டி முடிந்தால் 8 அசற்றிக் அமில மூலக்கூறும் 14 ஐதரசன் மூலக்கூறும் கையில் நிற்கும். இந்த இரண்டையும் எடுத்து மெதேனாக்குவது வேறொரு கூட்டம். அந்தக் கூட்டம் ஐதரசனை உடனுக்குடன் எடுத்துக்கொண்டு போனால்தான் வெட்டுகிற பற்றீரியாவால் தொடர்ந்து வெட்ட முடியும். ஐதரசன் தேங்கினால் வெட்டு நின்றுவிடும்.

மெஷின் வருவதற்கு முந்திய வேளாண்மை வெட்டை உங்கள் வாப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். முன்னால் வெட்டுக்காரர் வெட்டிப் போட்டுக்கொண்டே போவார்கள். பின்னால் கதிரை உப்பட்டி கட்டித் தலையில் தூக்கிப் போய்ப் போராக அடுக்கி வைக்க ஆட்கள் வேண்டும். தூக்குகிறவர்கள் குறைந்தால் வெட்டியது வயலிலேயே கிடந்து நனையும். தொட்டியில் தூக்குகிற வேலை மெதேன் ஆக்கும் நுண்ணுயிர்களுக்கு. அமிலம் ஆக்கும் பற்றீரியா மணித்தியாலக் கணக்கில் இரட்டிக்கும், மெதேன் ஆக்குகிறவை இரட்டிக்க நாட்கள் வேண்டும். நீங்கள் வெட்டுக்காரரைக் கூட்டிவிட்டீர்கள், தூக்குகிறவர்கள் பழைய ஆட்கள்தான். அமிலம் தேங்கியது. அதுதான் அந்தப் புளித்த வாடை.

இத்தோடு இன்னொரு தொல்லையும் உண்டு, என் கணிப்பில் இதுதான் பெரியது. நீளக் கொழுப்பமிலம் நுண்ணுயிர்க் கூட்டத்தின் மேல் போய்ப் படியும். கொத்து ரொட்டிக் கல்லில் கையை வைத்தால் எப்படி ஒரு பிசுக்கு ஒட்டுமோ அப்படி ஒரு படலம். படலம் பூசியவற்றுக்குச் சாப்பாடு உள்ளே போவதும் கடினம், வாயு வெளியே வருவதும் கடினம். கொழுப்பு ஒட்டிய சகதி இலேசாகி மேலே மிதக்கும். மிதந்தது வெளியேறும் குழாயால் போய்விட்டால், தூக்குகிற ஆட்களையே வெளியே அனுப்பிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஏறாவூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். மூன்று நாள் தொடர்ந்து விருந்து, கிடாரம் கழுவிய நெய்த் தண்ணி அத்தனையும் தொட்டிக்குள் போயிருந்தது. மூன்று மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். மூடியைத் திறந்து காற்றாட விட்டு, தூர நின்று நீளக் கம்பு ஒன்றை விட்டேன். கம்பு சாயாமல் நட்டுக்கொண்டு நின்றது. நாலு அங்குலத்துக்கு உறைந்த படை. அதில் தோடம்பழம் அளவு உருண்டைகள். ஒன்றை வாளியில் எடுத்துக் கத்தியால் பிளந்தேன். வெளியே சாம்பல் நிறத்தில் மெல்லிய தோல். உள்ளே மெழுகு மாதிரி மஞ்சள் கலந்த வெள்ளை, ஈரம் துளியும் இல்லை. நடுவில் ஒரு ஏலக்காய். எடுத்து நசுக்கினேன், இன்னும் மணந்தது. மூன்று மாதம் அந்தத் தொட்டிக்குள் கிடந்தும் ஒரு நுண்ணுயிர்கூட அதைத் தொட்டிருக்கவில்லை. கொழுப்புச் செமிக்க வேண்டுமானால் அது தண்ணியோடு சேர்ந்திருக்க வேண்டும்; உருண்டையாகிவிட்டால் அது தொட்டியில் கிடந்தும் இல்லாத மாதிரித்தான் என்று அன்றைக்குப் புரிந்தது.

நம் ஊர் வெயிலுக்குக் கொழுப்பு எப்படி உறையும் என்று கேட்பீர்கள். மண்ணுக்குள் இருக்கும் தொட்டியின் சூடு, கச்சான் காற்று வீசும் காலத்திலும் 30 பாகையை ஒட்டித்தான் இருக்கும். மாட்டுக் கொழுப்பு உருக 40 பாகைக்கு மேல் வேண்டும். கிடாரத்தில் உருகி ஓடியது தொட்டியில் விழுந்தவுடன் கட்டியாகிவிடும். பாம் எண்ணெய் அரைகுறையாக உறையும். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழேதான் உறையும், அதனால் மார்கழி மாரியில் போத்தலுக்குள் அது கட்டியாகும் நாட்களில் மட்டும்தான் அந்தத் தொல்லை.

ஆனால் தேங்காய் எண்ணெய்க்கு வேறொரு குணம் உண்டு. அதன் கொழுப்பமிலத்தில் பாதிக்குக் கிட்ட லோரிக் அமிலம். மெதேன் ஆக்கும் நுண்ணுயிர்களுக்கு லோரிக் அமிலம் மிகவும் ஆகாத ஒன்று. மாடுகள் ஏப்பமாக விடும் மெதேனைக் குறைக்க, தீவனத்தில் தேங்காய் எண்ணெய் சேர்த்து ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன, மெதேன் குறையவும் செய்தது. மாட்டு வயிற்றில் மெதேனைக் குறைக்கிற பொருளை மெதேனுக்காகக் கட்டிய தொட்டியில் ஊற்றினால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கறியில் மிஞ்சிய பால், தேங்காய்ப்பூ இவற்றால் பயமில்லை. வடை, றோல்ஸ் பொரித்த தேங்காய் எண்ணெயைச் சட்டியோடு கவிழ்ப்பதுதான் ஆகாது.

சரி, இப்போது என்ன செய்வது?

முதலில் காஸ் வருவதில்லையா, வந்தும் பற்றுவதில்லையா என்று பாருங்கள். அழுத்தம் இருந்தும் பற்றாவிட்டால் வருவது பெரும்பாலும் காபனீரொட்சைட்டு, தொட்டி புளித்திருக்கிறது. அழுத்தமே இல்லை என்றால் காஸ் குழாயில் தண்ணி தேங்கியிருக்கலாம், அல்லது நுரை ஏறி அடைத்திருக்கலாம். கொழுப்புப் போட்ட தொட்டியில் நுரை குழாய்க்குள் ஏறுவது வழமை. குழாயைக் கழற்றிக் கழுவி, தண்ணி வடிக்கும் போத்தலையும் வெறுமையாக்கிப் போடுங்கள்.

பிறகு புளிப்பை அளக்கும் பி.எச். தாள் வாங்குங்கள் (இலக்கம் குறைந்தால் புளிப்பு அதிகம்). அலங்கார மீன் வளர்ப்புச் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும். வெளியேறும் கரைசலில் தோய்த்துப் பாருங்கள். 6.8 இலிருந்து 7.5 வரை நல்லது. 6.8 க்கு மேல் இருந்தால் ஓய்வைத் தவிர வேறு மருந்து வேண்டாம். 6.5 க்குக் கீழே என்றால், வட்டைப் பக்கம் மேயும் மாட்டுப் பட்டியில் புதுச் சாணம் நாலைந்து வாளி எடுத்து, வெதுவெதுப்பான தண்ணியில் கரைத்து, வைக்கோல் துண்டு நீக்கி ஊற்றுங்கள். அண்மையில் ஊசி மருந்து ஏற்றிய மாட்டின் சாணம் வேண்டாம். தெரிந்தவர் யாரிடமாவது நல்லாக ஓடும் தொட்டி இருந்தால் அதிலிருந்து இருநூறு லீற்றர் கரைசல் ஒரு பரலில் கொண்டுவந்து ஊற்றுவது இன்னும் நல்லது. மெதேன் ஆக்குகிறவை அதில் தயாராக இருக்கும். இவற்றோடு அப்பச்சோடா ஒரு கிலோவைத் தண்ணியில் கரைத்து இரண்டு மூன்று நாட்களில் பிரித்து ஊற்றலாம்.

சுண்ணாம்பு மட்டும் போடாதீர்கள். இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். அந்தக் கல்யாண மண்டபத் தொட்டிக்கு முதலில் நான் கொடுத்த மருந்து சுண்ணாம்புதான், பத்துக் கிலோ. புளிப்பு அப்போதைக்கு அடங்கியது உண்மை. ஆனால் சுண்ணாம்பும் கொழுப்பமிலமும் சேர்ந்தால் தண்ணியில் கரையாத ஒரு சவர்க்காரம் உண்டாகும். உவர்த்தண்ணியில் சோப்புப் போட்டால் நுரைக்காமல் வெள்ளை வெள்ளையாகத் திரளுமே, அந்த மாதிரித்தான். இரண்டு கிழமையில் படை இன்னும் இறுகி, வெளியேறும் வாயே அடைபட்டது. கடைசியில் அந்தத் தொட்டியைக் காலி பண்ண வேண்டி வந்தது. அந்தக் குடும்பத்துக்கு என்னால் வந்த செலவு இன்றைக்கும் மனதில் இருக்கிறது. சுண்ணாம்பு உள்ளே இருக்கும் காபனீரொட்சைட்டையும் உறிஞ்சும், அழுத்தம் இறங்கி வெளிக் காற்று உள்ளே இழுபடவும் கூடும். மெதேன் காற்றோடு 5 முதல் 15 சதவீதம் கலந்தால் வெடிக்கும். இந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

மிதக்கும் படையை உடைக்க, போடுகிற வாயாலும் வெளியேறும் வாயாலும் நீளக் கம்பு விட்டுக் காலையும் பின்னேரமும் குத்திக் கலக்குங்கள். வெளியேறிய கரைசலில் நாலைந்து வாளியை எடுத்துத் திரும்பப் போடுகிற வாயால் ஊற்றுங்கள். உள்ளே ஓட்டம் வரும், போன நுண்ணுயிர்களும் திரும்பி வரும். ஆனால் எந்தக் காரணத்துக்கும் ஆள் உள்ளே இறங்கக் கூடாது. குனிந்து தலையை விட்டுப் பார்ப்பதும் கூடாது. உள்ளே இருக்கும் ஐதரசன் சல்பைட்டு முதலில் அழுகின முட்டை மணக்கும், அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் மணம் தெரியாது. மணம் இல்லை, பயமில்லை என்று இறங்கினவரும், அவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து செத்த கதைகள் எல்லா நாட்டிலும் உண்டு. கடைப் பொடியன்களிடம் இதை நீங்களே வாயால் சொல்லி வையுங்கள்.

இப்படி ஓய்வில் விட்டால் இரண்டு மூன்று கிழமையில் ஒன்று நடக்கும். ஒரு வாளி தீனியும் போடாமலே காஸ் வரத் தொடங்கும், சில நாட்களில் முன்னரைவிட அதிகமாகவும் வரும். நுண்ணுயிர்கள் மேல் படிந்திருந்த கொழுப்பே அப்போது மெதேனாக மாறுகிறது. நீளக் கொழுப்பமிலம் அவற்றைக் கொன்றுவிடும் என்றுதான் முன்னர் நம்பினார்கள். போர்த்துக்கல்லில் நடந்த ஆய்வுகள் வேறு விதமாகக் காட்டின: கொழுப்பு அடைத்துக்கொண்ட சகதியைத் தீனியில்லாமல் விட்டால், ஒட்டிய கொழுப்பைத் தின்று முடித்து, அடுத்த தடவை முன்னரைவிட வேகமாகக் கொழுப்பைச் செமிக்கிறது. நீங்கள் ஊற்றிய எண்ணெயில் பாதியாவது இன்னும் உள்ளேதான் இருக்கிறது தம்பி. பொறுத்தால் அது காஸாகத் திரும்பும்.

சுடர் நீலமாக நிலைத்து எரிந்த பிறகு, ஐந்து கிலோ மரக்கறி, சோற்றுக் கழிவோடு தொடங்குங்கள். கிழமைக்குக் கிழமை ஐந்து கிலோ கூட்டி, ஐந்து கிழமையில் 25 க்கு வாருங்கள். அதுவரைக்கும் எண்ணெய் வேண்டாம். உங்கள் தொட்டி கொழுப்பில்லாமலே ஒழுங்காக ஓடினால் நாளுக்கு இரண்டரை கனமீட்டர் தரும். ஒரு கனமீட்டர் பயோகாஸ் 0.45 கிலோ சிலிண்டர் காஸுக்குச் சமம் என்று பார்த்தால், பதினொரு நாளைக்கு ஒரு 12.5 கிலோ சிலிண்டர் மிச்சம். 2022 இல் வெறும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு விடிய விடிய வரிசையில் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பிறகு கொழுப்புக்கு வருவோம். சூடேற்றி, விடாமல் கலக்கும் பெரிய ஆலைகளில் தீனியில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் கொழுப்புக் கொடுத்து வெற்றி கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஓக்லண்ட் நகரத்தின் கழிவுநீர் ஆலை, உணவகங்களின் கொழுப்புக் கழிவை லொறியில் வாங்கித் தன் தொட்டிகளில் போட்டு, 2012 இல் தான் செலவழிக்கும் மின்சாரத்தைவிட அதிகம் உற்பத்தி செய்யும் நிலைக்கு வந்தது. நம்மிடம் சூடாக்கியும் இல்லை, கலக்கியும் இல்லை. ஆகவே நான் வைத்திருக்கும் அளவு, தண்ணியைக் கழித்த தீனியில் பத்தில் ஒன்று. உங்கள் தொட்டிக்கு அது நாளுக்கு அரைக் கிலோ, அதற்கு மேல் வேண்டாம். அரைக் கிலோ என்றால் குறைவு என்று நினைக்காதீர்கள், ஒழுங்காகச் செமித்தால் ஒற்றை அடுப்பு ஒன்றரை மணித்தியாலம் கூடுதலாக எரியும்.

முதல் மாதம் மூன்று நாளுக்கு ஒரு தடவை கால் கிலோ. சுடர், பி.எச். இரண்டும் அசையாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு தினமும். அப்படியே ஊற்றக் கூடாது. கொழுப்பை வெதுவெதுப்பாக உருக்கி, அதைப்போல் பத்து மடங்கு சூடு ஆறாத கஞ்சித் தண்ணியில் விட்டு, ஒரு சிரட்டை அளவு சாணமும் சேர்த்து, மத்தாலோ கம்பாலோ நன்றாக அடியுங்கள். மோர் மாதிரி வெளிறிய ஒரே கலவையாக வர வேண்டும், மேலே கண் கண்ணாக எண்ணெய் மிதந்தால் இன்னும் அடிக்க வேண்டும். தொட்டிக்குக் கொடுப்பது எண்ணெயாக இல்லை, இந்தக் கலவையாக. என்னிடம் ஒரே ஒரு பாடம்தான் கேட்பீர்கள் என்றால் நான் சொல்வது இதைத்தான். அந்த ஏலக்காய் உருண்டை இப்படி அடித்துப் போட்டிருந்தால் உருண்டையாகவே ஆகியிருக்காது.

கொழுப்பில் நைதரசன் அறவே இல்லை. நுண்ணுயிர்கள் பெருக நைதரசன் வேண்டும், அதனால் கொழுப்புப் போடுகிற நாளில் கொஞ்சம் மீன் குடல், பருப்பு, சாணம் ஏதாவது சேருங்கள். மீன் கழிவில் இருந்து வரும் அமோனியா புளிப்பையும் அடக்கும். ஆனால் கருவாடு கழுவிய உப்புத் தண்ணி, ஊறுகாய், தேசிக்காய்த் தோல், குசினி கழுவிய குளோரின் தண்ணி இவை வேண்டாம். கடற்கரைப் பக்கத்துக் கிணறு உவர் என்றால் கரைக்க அந்தத் தண்ணியையும் எடுக்காதீர்கள். கடல் தண்ணியில் உள்ள சல்பேற்றைப் பிடித்துக்கொண்டு வேறொரு பற்றீரியா, மெதேனுக்குப் போக வேண்டிய ஐதரசனை எடுத்து அழுகின முட்டை வாயுவாக்கிவிடும். வாவிக் கரையில் கண்டல் சேற்றைக் கிளறினால் வருகிற மணம் அதுதான்.

அந்த வாயு அடுப்பையும் குழாயையும் அரிக்கும். காஸ் வரும் வழியில் ஒரு அகலக் குழாய்த் துண்டு வைத்து, துருப்பிடித்த இரும்புச் சீவல் நிரப்புங்கள். துரு அதைப் பிடித்துக்கொள்ளும். கறுத்துப்போனால் வெளியே எடுத்துத் தண்ணி தெளித்துக் காற்றில் பரப்பினால் திரும்பவும் துருவாகும். அப்போது சூடேறும், கடதாசி, சாக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

இனி உங்களிடம் மிஞ்சும் நாலரை லீற்றர் எண்ணெய். என் அபிப்பிராயம் இது: பொரித்த எண்ணெய் வடித்தெடுத்தால் சுத்தமான ஒரு பொருள், சவர்க்காரம் செய்கிறவரும் பயோடீசல் செய்கிறவரும் வாங்குவார்கள். அதை அவர்களுக்குக் கொடுங்கள். திரும்பப் பொரிக்கிறவர்களுக்கு மட்டும் கொடுக்காதீர்கள். யாரும் வாங்காதது, கோப்பை கிடாரம் கழுவும் தண்ணியில் போகிற கொழுப்பு. அதைத்தான் தொட்டிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். கழுவுகிற இடத்துக்கும் காணுக்கும் நடுவில் இரண்டு அறையுள்ள சின்னச் சீமெந்துத் தொட்டி கட்டுங்கள். கிரீஸ் ட்ராப் என்பார்கள். தண்ணி அதில் ஆறி நிற்க, கொழுப்பு மேலே திரளும், கீழ்க் குழாயால் தண்ணி மட்டும் போகும். ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில், கழுவத் தொடங்க முதல், அகப்பையால் வழித்தெடுத்தால் கட்டியாக வரும். ஒரு கிழமை விட்டால் புழுவும் நாற்றமும்தான்.

இதற்கு இவ்வளவு எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் சாப்பாட்டு மணத்துக்கு வந்து பிளாஸ்டிக்கையும் சேர்த்துத் தின்று யானைகள் சாகும் செய்தி 2022 ஜனவரியில் உலகம் முழுக்கப் போனது. நம் கரையோர ஊர்களின் குப்பையில் பாதிக்கு மேல் நனைந்த சாப்பாட்டுக் கழிவுதான். கடைகள் தங்கள் கழிவைத் தங்கள் வளவிலேயே செமிக்க வைத்தால் அந்த மேட்டுக்குப் போவது குறையும். அதனால்தான் ஒரு தொட்டி அணைந்துபோனால் எனக்குப் பொறுப்பதில்லை. அணைந்த ஒன்றைப் பார்த்துவிட்டு, கட்ட நினைத்த நாலு பேர் பின்வாங்கிவிடுகிறார்கள்.

நோன்பு காலத்தை மட்டும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள். பகலில் கடை மூடி, பின்னேரம் சமோசாவும் றோல்ஸும் பொரிக்கும்போது சோற்றுக் கழிவு குறைந்து எண்ணெய் கூடும். அந்த மாதம் அரைக் கிலோ என்ற அளவு கால் கிலோவாக இறங்க வேண்டும், ஏனென்றால் பத்தில் ஒன்று என்பது அன்றன்றைய தீனியில் பத்தில் ஒன்று.

நாளைக்குக் காலை பி.எச். பார்த்துவிட்டு இலக்கத்தை எழுதுங்கள். அழுத்தம் இருக்கிறதா என்பதையும், கரைக்கிற தண்ணி எந்தக் கிணறு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 6 க்குக் கீழே என்றால் மட்டும் நான் ஒரு பரல் நல்ல கரைசலோடு நேரில் வருகிறேன்.